கயிற்றை இழுத்தும் கிளம்பாத சிறிய என்ஜின்

புல்வெட்டி, பிரஷ் கட்டர், செயின்சா, விசைத்தெளிப்பான் போன்றவற்றில் உள்ள சிறிய பெட்ரோல் என்ஜின்கள் ஓடித் தேய்வதைவிட, ஓடாமல் கிடந்து கெடுவதே அதிகம். தொட்டியில் பெட்ரோலுடன் சில மாதங்கள் மூலையில் கிடந்த இயந்திரம், தேவைப்படும் நாளில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்ப மறுக்கும். கோபத்தில் இழுத்தால் அறுவது கயிறுதான். புதிய பிளக், புதிய காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பதும் வீண்செலவே. தீப்பொறி, எரிபொருள், காற்று, சிலிண்டரின் அழுத்தம் ஆகிய நான்கில் எது குறைகிறது என்பதைச் சோதித்து அறிந்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

வெட்டும் பகுதியைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். பல புல்வெட்டிகளில் பிளேடைக் கையால் திருப்பினாலே என்ஜினும் சுழலும் என்பதால் இதில் விலக்கே கிடையாது. பிறகு சுவிட்ச், பெட்ரோல் குழாயின் திருகு, ஃபோர் ஸ்ட்ரோக் (பெட்ரோலில் கலக்காமல் ஆயிலைத் தனியே ஊற்றும்) என்ஜினாக இருந்தால் ஆயில் அளவு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்திவிடும் சென்சார் சில என்ஜின்களில் உண்டு.

பிளக் தொப்பியை மீண்டும் மாட்டி, சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அடைப்பை) போட்டு, ஐந்தாறு முறை கயிற்றை இழுத்தவுடன் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வழி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்து சேர்கிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கை நீக்கி, பிளக் இல்லாமலேயே சில முறை கயிற்றை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். முனைகளின் இடைவெளி பெரும்பாலான என்ஜின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. தீப்பொறியைச் சோதிக்கும்போது, சிலிண்டர் துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால், தீப்பொறி சோதிப்பானைப் பயன்படுத்துவதே நல்லது. நல்ல பிளக்கிலும் பொறி வராவிட்டால், காயிலிலிருந்து சுவிட்சுக்குச் செல்லும் மெல்லிய ஒயரைக் கழற்றிச் சோதியுங்கள். அப்போது பொறி வந்தால் குறை ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கிறதே தவிர, காயிலில் இல்லை.

முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. பழைய பெட்ரோல் வார்னிஷ் போன்ற புளித்த வாடை அடிக்கும். அதை முழுவதும் வடித்துவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அடியில் நீர் பிரிந்து தங்கவும் கூடும். தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரையும், வெடித்துப்போன ரப்பர் குழாயையும் பார்த்த பின்னரே, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டருக்கு வர வேண்டும். மிதவையுள்ள கார்புரேட்டரில் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், பெரும்பாலும் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் நுண்துளையைப் பிசின் அடைத்திருப்பதைக் காணலாம். கார்புரேட்டர் கிளீனரையும், மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையையும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். எஃகு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். செயின்சாவில் மிதவைக்குப் பதில் டயாஃப்ரம் என்ற மெல்லிய, வளையும் சவ்வு இருக்கும். அது விறைத்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிளம்பிப் பத்து நிமிடத்தில் நின்று, தொட்டி மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஜெட் பாதி அடைபட்டிருக்கலாம் அல்லது கார்புரேட்டரின் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) வழியே காற்று கசியலாம். டூ ஸ்ட்ரோக் என்ஜின் கிளம்பியும் வலுவில்லாமல் முனகினால், சைலன்சரில் உள்ள சிறு வலையில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு கல்லிலோ வேரிலோ மோதிய பிறகு கயிறு கையை வெடுக்கென்று பின்னிழுத்தால், ஃப்ளைவீலை (என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தை) தண்டில் பிடித்து வைக்கும் சிறு உலோகத் துண்டான கீ அறுபட்டு, தீப்பொறி விழும் நேரம் மாறியிருக்க வாய்ப்புண்டு. கயிறு எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அழுத்தம் போய்விட்டது. அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பராமரிப்பில் முதலிடம் ஏர் ஃபில்டருக்கு. நுரை ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைத் தட்டித் தூசி நீக்கலாமே தவிர, ஆயில் படக்கூடாது. பல ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்களில் முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆயில் மாற்றச் சொல்வார்கள். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கும் டூ ஸ்ட்ரோக்கில் 50:1 விகிதம் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. ஆயிலை அளந்தே கலக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே சிக்கிய புல்லை அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் தொட்டியை வடித்து, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை என்ஜினை ஓடவிட வேண்டும். பிறகு, ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால், எதிர்ப்பு தட்டும்வரை கயிற்றை மெல்ல இழுத்து அங்கேயே விட்டால், இரண்டு வால்வுகளும் மூடியபடி இருந்து, ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது.