பால் பத்தவில்லை என்று முடிவு கட்டும் முன்: பாலூட்டும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் குறைவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது, மார்பு முன்பு மாதிரி கனமாக இல்லை, பம்ப் வைத்தால் கொஞ்சம்தான் வருகிறது என்பார்கள். இந்த மூன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் இதன் பின்னாலேயே வருகின்றன.

என் மகளுக்கு ஒரு மாதம் ஆனபோது அரை மணி நேரம் பம்ப் செய்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், 30 மில்லி. அன்று இரவு முழுக்க அழுதேன். ஆனால் அவள் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தது. குழந்தை உறிஞ்சும்போது சுரக்கிற அளவு பலருக்கு மெஷினுக்குச் சுரப்பதில்லை. ஆறு வாரம் வாக்கில் மார்பு மெத்தென்று ஆவதும், குழந்தைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு உடம்பு பழகிவிட்டதால்தான். சாயங்காலம் ஆனால் விட்டு விட்டு மணிக்கணக்கில் பால் கேட்பதும் சகஜம்.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? ஈர டயப்பரையும் எடையையும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். பிறந்ததும் கொஞ்சம் எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகும் எடை சீராக ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது.

இதைப் பார்க்காமல் பயத்தில் "ஒரு பாட்டில் பவுடர் பால்தானே" என்று ஆரம்பிப்பது அடுத்த தவறு. வயிறு நிறைந்த குழந்தை நீண்ட நேரம் தூங்கிவிடும், அதற்குள் மார்பில் பால் தேங்கும், தேங்கினால் இவ்வளவு வேண்டாம் போல என்று உடம்பு சுரப்பைக் குறைக்கும், அடுத்த வாரம் ஒரு பாட்டில் இரண்டாகும். எடை ஏறவில்லை, கூடுதலாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், குழந்தை பசியோடு இருக்கவே கூடாது. ஆனால் பாட்டில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மார்பிலிருந்தும் பாலை எடுத்துவிடுங்கள்.

மார்பு நிறையட்டும் என்று காத்திருந்து கொடுப்பதும் இதே கதைதான். காலியாகக் காலியாகத்தான் பால் வேகமாக ஊறும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டியிருக்கும், கடிகாரம் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் கொடுப்பதையும் விடாதீர்கள், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் அப்போதுதான் அதிகமாக இருக்கும்.

இத்தனை முறை கொடுத்தும் குறைகிறது என்றால் குழந்தை மார்பைப் பிடிக்கிற விதத்தைக் கவனியுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறந்து, காம்பு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாடை மார்பில் அழுந்தி இருக்கும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாது, விழுங்குகிற சத்தம் மெதுவாகக் கேட்கும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு நசுங்கிச் சாய்வாக இருந்தாலோ, பாலூட்டும் நேரம் முழுக்க வலித்தாலோ பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரம் நுழைத்து மெல்ல விடுவித்து மறுபடி வையுங்கள். சரியாக வராவிட்டால், பாலூட்டல் ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்துத் திருத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம், வலிய வலியத் தண்ணீர் குடிப்பதால் பால் கூடாது, தாகத்துக்குக் குடித்தால் போதும். பசிக்கு வயிறாரச் சாப்பிடுங்கள், எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்க இது நேரமில்லை. சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும், ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரையும் பாலைக் குறைக்கக்கூடும், பாலூட்டுவதைச் சொல்லாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள். பால் சுரக்க மாத்திரை என்று யாரோ சொன்னதை நீங்களாகப் போடவும் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் குறைகிற அம்மாக்கள் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் முழுதாக வெளியேறாமல் கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, முன்பு செய்த மார்பக அறுவை சிகிச்சை என்று காரணம் இருக்கலாம், அது அவர்கள் குற்றம் இல்லை, பரிசோதித்துப் பாருங்கள். குழந்தை பால் குடிக்கக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போனாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் கொண்டு போங்கள்.