சின்ன பார்லரில் நெயில் ஆர்ட்டிஸ்ட் சேர்க்கும்போது

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு பார்லர் நடத்துபவர்கள் நெயில் ஆர்ட்டிஸ்ட் தேடினால் முதலில் கேட்பது டிசைன் போட்டோவைத்தான். போட்டோவை நம்பி ஆள் எடுக்காதீர்கள். போட்ட ஜெல்லை, அதாவது லாம்ப் ஒளியில் இறுகும் நகப்பூச்சை, நகம் கெடாமல் எடுக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். டிசைன் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். சுரண்டிக் கெடுத்த நகம் முழுதாக வளர்ந்து மாற ஆறு மாதம் போல ஆகும். அதுவரை அந்தக் கையைப் பார்க்கிறவர்களிடம் அடிபடுவது உங்கள் பார்லர் பெயர்தான்.

ஆள் எடுக்கும் அன்று பழைய ஜெல் உள்ள ஒரு கையை அவரிடம் கொடுங்கள். மேல்பூச்சின் பளபளப்பை மட்டும் ஃபைலால் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, ஃபாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பிறகு மரக்குச்சியால் தள்ளினாலே ஜெல் நழுவி வரும். வராத இடத்தில் மறுபடியும் 5 நிமிடம் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் பொறுமை இழந்து இரும்புப் புஷ்ஷரால் நெம்புகிறவரை எடுக்க வேண்டாம். நெம்பும்போது நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவிடும். நகத்தை நீளமாக்கும் எக்ஸ்டென்ஷனுக்குப் போடும் ஹார்டு ஜெல் அசிட்டோனில் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, பூசுவதைப் பாருங்கள். தோலில் படாமல் மயிரிழை இடைவெளி விட்டு, மெல்லிசாகப் பூச வேண்டும். பேஸ், கலர் இரண்டு, டாப் என ஒவ்வொரு பூச்சுக்கும் எல்இடி லாம்ப்பில் 30 முதல் 60 விநாடி. கட்டைவிரல் சாய்ந்தே இருக்கும் என்பதால் அதைத் தனியாகக் காய வைக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் மேலே இறுகி, அடியில் காயாமல் நிற்கும். காயாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். அந்த அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. தினமும் ஜெல்லைக் கையாளும் ஆர்ட்டிஸ்டுக்கே இதில் ஆபத்து அதிகம், அதனால் நைட்ரைல் கையுறைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஜெல் தூக்கிக்கொண்டு வந்தால் நம் ஊரில் கடற்காற்றின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம் அதற்கு முன் செய்த வேலை. வெந்நீரில் கையை ஊற வைத்து மெனிக்யூர் செய்துவிட்டு உடனே ஜெல் பூசினால், தண்ணீர் குடித்து உப்பிய நகம் பிறகு சுருங்கும்போது ஜெல் பிரிந்துவிடும். ஜெல் போடும் நாளில் தண்ணீரில்லாத மெனிக்யூர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், நகத்தின் ஈரத்தை எடுக்கும் டிஹைட்ரேட்டர் தடவிய நகத்தை விரலால் தொடக்கூடாது. ஜெல் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தால் வெயிலிலேயே இறுகிப்போகும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் பார்லர் என்றால் தொழுகையை மனதில் வைத்துத்தான் சர்வீஸ் பட்டியல் போட வேண்டும். பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர் நகத்தில் படாது. தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களுக்கு மட்டும் கேட்பவர்களிடம் எடுக்கும் தேதியையும் முன்பதிவிலேயே வாங்கிவிடுங்கள். கல்யாணத்துக்கு, ஒட்டும் பசைத்தாளில் நிற்கும் பிரஸ்-ஆன் நகம் (ரெடிமேட் செயற்கை நகம்) பொருத்தம், வேண்டும்போது கழற்றிவிடலாம். நகம் வெட்டிச் சீராக்கி, பூச்சில்லாமல் பஃபரால் மெருகேற்றும் சர்வீஸை எல்லோருக்கும் வைக்கலாம்.

பாசி எடுக்கிறவர்கள், மீன் சுத்தம் செய்கிறவர்கள் போல நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள், அவர்களே கேட்டாலும் சரி. இடுக்கில் ஈரம் தங்கி நகம் பச்சையாகும், அது பாக்டீரியா தொற்று. பச்சையோ சீழோ தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நகக்கண் தோலை வெட்டவே கூடாது.

மேசைக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். ஏசி அறைக்காற்றையே சுற்றவிடும், வாடையை வெளியேற்றாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். வேக்ஸ் ஹீட்டர், விளக்கு, ஊதுபத்தி இருக்கும் மூலையில் மேசை போடாதீர்கள். ஃபைல் ஒருவருக்கு ஒன்றுதான். இரும்புக் கருவிகளை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். அழுக்கோடு வைத்தால் பலனில்லை.

சம்பளத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பில் மாதச் சம்பளம் பேசாதீர்கள். ஜெல் பாலிஷ் 600 ரூபாய், பொருள் செலவு 80 என்று வையுங்கள், மிஞ்சுவது 520. மாதம் 10,000 சம்பளம் என்றால் முதல் 19 வாடிக்கையாளர் வரை உங்களுக்கு ஒன்றும் நிற்காது. வாடகையும் கரண்டும் தனி. வாரம் இரண்டு நாள், பொருள் செலவு கழித்த தொகையில் பங்கு என்று மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருவோரின் கல்யாண மாதங்களில் நாட்களைக் கூட்டலாம். போட்டு ஏழு நாளுக்குள் பிரிந்தால் இலவசமாகச் சரிசெய்வது யார் செலவு என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.