டைமரை நிறுத்தினால் காலண்டரில் பதிவாக வேண்டுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்கு கேட்டலாக் வடிவமைத்துத் தருகிறேன். மணிக்கணக்கில் கூலி. மாதக் கடைசியில் "எத்தனை மணி நேரம் ஆச்சுங்க?" என்று கேட்பார்கள், நானும் டைரியைப் புரட்டி உத்தேசமாக ஒன்றைச் சொல்வேன். இப்போது டைமரை நிறுத்தியதுமே கூகுள் காலண்டரில் பதிவாகிவிடுகிறது.

முதலில் 'வேலை' என்று தனிக் காலண்டர் ஒன்றை உருவாக்குங்கள். கம்ப்யூட்டரில் செய்துவிடுங்கள். எப்போதும் பார்க்கும் காலண்டரிலேயே கொட்டினால் கல்யாணத் தேதியும் பல் டாக்டரும் அடியில் புதைந்துவிடும்.

அடுத்து, வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் அந்தத் தகவலை ஒரு இணைய முகவரிக்குத் தானாக அனுப்புவது) வசதி உள்ள ஒரு டைமர் எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் சேருங்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கும் போமோடோரோ வகை எனக்கு ஒத்துவரவில்லை, காலண்டர் துண்டு துண்டாகக் கந்தலாகிறது. தொடங்கு, நிறுத்து இரண்டே பட்டன் போதும்.

நடுவில் பாலம் போட மேக் டாட் காம், ஒரு ஆப்பின் தகவலை இன்னொன்றுக்குத் தானாகக் கடத்தும் இணையச் சேவை. (ஆப்பிள் மேக் இல்லை.) புதிய சினாரியோவில் (அங்கே வேலைகளைக் கோர்க்கும் சங்கிலிக்கு அந்தப் பெயர்) கஸ்டம் வெப்ஹுக் வைத்து, அது தரும் முகவரியை எக்ஸ்டென்ஷனில் ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்தில், காலண்டரில் புதிய பதிவு போடும் கூகுள் காலண்டரின் 'கிரியேட் அன் ஈவென்ட்'டைச் சேருங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. எந்தெந்தத் தகவல் வரும் என்று தெரிந்துகொள்ள வெப்ஹுக் ஒரு மாதிரிக்காகக் காத்திருக்கும். நான் 'தொடங்கு' அழுத்தினேன். தகவல் வந்தது, பச்சை டிக்கும் விழுந்தது. ஆனால் அந்த 'கிரியேட் அன் ஈவென்ட்' பக்கம் போனால் முடிவு நேரம் என்ற கட்டத்தில் இழுத்துப் போட எதுவுமே இல்லை. எப்படி இருக்கும்? தொடங்கும்போது முடிந்த நேரம் ஏது! முதலில் இரண்டு நிமிடம் டைமரை ஓடவிடுங்கள். அப்புறம் மேக்கில், மாதிரியை மறுபடி கேட்கும் 'ரீடிட்டர்மின்' கொடுத்து, அது காத்திருக்கும்போது 'நிறுத்து' அழுத்துங்கள். இரண்டு நேரமும் சேர்ந்து வரும். எக்ஸ்டென்ஷனிலும் 'நிறுத்தும்போது மட்டும் அனுப்பு' என்று வைத்துவிடுங்கள்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். என் மேக் கணக்கு யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தது. மதியம் 1.30-க்குத் தொடங்கிய வேலை காலண்டரில் இரவு 7 மணிக்கு உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் நான் தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டிருந்தேன். 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்றியதும் சரியானது.

கடைசியாக சினாரியோவை 'ஆன்' செய்யுங்கள். 'ரன் ஒன்ஸ்' ஒரே தடவைதான் ஓடும்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி, சில பதிவுகள் வரவே இல்லை என்று எழுதியிருந்தார். மழையில் நெட் போன சமயத்தில் நிறுத்தியிருக்கிறார். அவருடைய எக்ஸ்டென்ஷன் மறுபடி அனுப்பிப் பார்ப்பதில்லை. அதன் ஹிஸ்டரியில் நேரம் பத்திரமாக இருந்ததால், காலண்டரில் கையாலேயே போட்டுக்கொண்டார். நானும் இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.