நொச்சிக் கதியால் போடுவது எப்படி?

வளவில் எதை நட்டாலும் ஆடு விட்டுவைக்கிறதில்லையா? நொச்சிக் கொப்பை வெட்டி வேலிக்கு உயிர்க்கம்பாக, அதாவது கதியாலாக, நட்டுப் பாருங்கள். அந்த வாசத்துக்கே ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். காசும் தேவையில்லை. ஒழுங்கையில் யாருடைய வேலியிலாவது நிற்கும், கேட்டால் நாலு கொப்பு வெட்டித் தருவார்கள்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலை, விரல் விரித்த கைபோல. அடிப்பக்கம் சாம்பல் பூசினாற்போல வெளிறியிருக்கும். பூ சின்னது, நீலமும் ஊதாவும் கலந்தது, கொப்பு நுனியில் கொத்தாக வரும். சங்ககாலத்தில் மதில் காத்த வீரர்கள் சூடியது இதைத்தான். இப்போது வேலி காக்கிறது.

நடுவதற்கு ஐப்பசிதான் சரி, மழை மண்ணில் இறங்கிய பிறகு. நான் முதல்தரம் சித்திரையில் நட்டேன். வாளி வாளியாக ஊற்றியும் அத்தனையும் விறகாகிவிட்டது.

பெருவிரல் மொத்தத்தில் முற்றிய கொப்பாக, ஒரு முழ நீளத்துக்கு வெட்டுங்கள். இளந்தண்டு அழுகிவிடும். அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாகவும் தலையை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடமாட்டீர்கள். (சிரிக்காதீர்கள், நட்டிருக்கிறேன்.) இலைகளை உருவிவிடுங்கள். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் சீக்கிரமே தட்டுப்படும். அதனால் அலவாங்கால் குழி போட்டு, பாதிக் கொப்பை இறக்கி, சுற்றிவர மண்ணை நன்றாக மிதியுங்கள். வேலிக்கென்றால் முழத்துக்கு ஒன்று.

இரண்டு மூன்று கிழமையில் தளிர் வரும். அதை நம்பி இழுத்துப் பார்க்காதீர்கள்! கொப்பில் இருக்கிற ஈரத்திலேயே தளிர் விட்டுவிடும், வேர் பின்னால்தான். மாரி முடியும்வரை தொடவேண்டாம். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர்.

அப்புறம் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து அடர்ந்து வரும். வெட்டிய இலையை நிழலில் காயவைத்து பயற்றுச் சாக்குக்குள் போடுங்கள், வண்டு குறையும். மிச்சம் தோட்டத்துக்குத் தழை.

தடிமனுக்கு வேது பிடிக்க இரண்டு கைப்பிடி இலை போதும். பானையை மூடிக் கொதிக்கவைத்து, அடுப்பால் இறக்கிய பிறகே போர்வைக்குள் குனியுங்கள். அம்மம்மா மூடியை ஒரேயடியாகத் திறக்கமாட்டா, ஓரமாகச் சரித்துத்தான் விடுவா. முதல் ஆவி முகத்தைச் சுட்டுவிடும். சின்னப்பிள்ளைகளுக்கு இது வேண்டாம். உள்ளுக்குக் குடிப்பதென்றால் சித்த வைத்தியரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.