ரணகள்ளி, நெருஞ்சி, துளசி: எந்த மூலிகை எப்படி ஒளிச்சேர்க்கை பண்ணுதுன்னு வீட்லயே பாக்கலாம்

எல்லா மூலிகையும் ஒரே மாதிரி ஒளிச்சேர்க்கை பண்ணாது. துளசி, ஆடாதொடை சி3, அதாவது கார்பன் டை ஆக்சைடை முதல்ல மூணு கார்பன் இருக்கிற பொருளா மாத்துற சாதாரண முறை. நெருஞ்சி, அம்மான் பச்சரிசி சி4, அதாவது முதல்ல நாலு கார்பன் இருக்கிற பொருளா மாத்துறது. ரணகள்ளியும் சோத்துக்கத்தாழையும் கேம் (CAM), அதாவது ராத்திரில இலைத்துளையத் திறந்து கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமா சேத்து வெச்சுட்டு, பகல்ல துளைய மூடிக்கிட்டு அதை செலவு பண்ணும், நம்ம வேலூர் வெயில்ல தண்ணி வீணாகாம இருக்க இதுதான் வழி.

முதல்ல கேம். ரணகள்ளி இலை விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, அதே செடில சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒண்ணு பறிங்க. ரெண்டுலயும் 5 கிராம் எடைபோட்டு, 20 மில்லி தண்ணி விட்டு உடனே அரைச்சு வடிகட்டி பிஎச் பேப்பர்ல (புளிப்பு எவ்வளவுன்னு நிறத்துல காட்டுற பேப்பர்) தொட்டுப் பாருங்க. காலை இலை புளிப்புப் பக்கம் நல்லா இறங்கி இருக்கும். லிட்மஸ் வாங்காதீங்க, ரெண்டுமே சிவப்பாதான் காட்டும். 1-14 பேப்பரும் வேணாம், 3.5ல இருந்து 6 வரைக்கும் காட்டுற சின்ன ரேஞ்ச் பேப்பர்தான் இதுக்கு சரி.

பலருக்கும் இடிக்கிறது தண்ணிலதாங்க. நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளையா படியுது பாருங்க, அதுல இருக்கிற பைகார்பனேட் இலையோட அமிலத்தைத் தின்னுடும், அப்புறம் காலைக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசமே தெரியாது, செடி கேம் இல்லன்னு முடிவு பண்ணிடுவீங்க. பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், பேட்டரி ஆசிட் இல்ல) ஊத்துங்க. ராத்திரி சூடா இருந்தாலும் அமிலம் கம்மியாதான் சேரும், அதனால மே மாசத்தை விட மார்கழி தை நல்லது.

வாயில போட்டுப் பாக்காதீங்க. கம்பெனி காலத்துல இந்தியாவுல இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இந்த இலை காலைல புளிக்குது, மதிய வாக்குல சுவையே இல்லன்னு 1813-ல கடிதம் எழுதினாரு, ஆனா ரணகள்ளில இதயத்தைப் பாதிக்கிற பொருள் இருக்கு, பேப்பரே போதும்.

அடுத்து சி4. வெயில் பட்ட நெருஞ்சி இலைய காலை பத்து மணி வாக்குல பறிச்சு, கொதிதண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுங்க, அடுப்ப அணைச்சுட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கிற டம்ளர்ல இலையப் போட்டு அந்த டம்ளர சுடுதண்ணில வைங்க, பச்சை போனதும் கழுவி டிங்சர் அயோடின விட்டு லென்ஸ்ல பாருங்க. நரம்பு ஓரமா மட்டும் நீலக்கருப்பு கோடு ஓடும், நடுவுல வெளிறி இருக்கும், ஏன்னா அயோடின் பட்டா கறுக்குற மாவுச்சத்து சி4ல நரம்பைச் சுத்தின உறைசெல்லுலதான் சேருது. துளசி இலையில கறுப்பு பரவலா ஏறும்.

அப்டேட்: கத்தாழைல வித்தியாசமே வரலன்னு சிலர் கேட்டாங்க. உள்ள இருக்கிற சோற அரைச்சா வராது, அது பெரும்பாலும் தண்ணி. வெளிய இருக்கிற பச்சைத் தோல மட்டும் சீவி அரைங்க, வரும்.