என்எஃப்எல்ல ஒரு டீமுக்கு வெறித்தனமான ஃபேன் ஆகுறது எப்படி

அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்ல 32 டீம் இருக்கு, அதுல உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். லீகை ரெண்டா பிரிச்ச கான்ஃபரன்ஸுங்கள்ல, ஏஎஃப்சில ஒண்ணு என்எஃப்சில ஒண்ணுன்னு ரெண்டு வச்சுக்குறேன்னு சிலர் சொல்வாங்க, வேற வேற கான்ஃபரன்ஸ்தானே அடிக்கடி மோதிக்கவா போகுதுன்னு ஒரு லாஜிக்கும் வச்சிருப்பாங்க, ஆனா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சவனுக்கு தோத்த வலியும் அரைகுறை, ஜெயிச்ச சந்தோஷமும் அரைகுறை. ஒண்ணைப் புடிங்க.

எதைப் புடிக்கிறது? அமெரிக்காவுல இருக்கீங்கன்னா உங்க ஏரியா சேனல்ல ஞாயித்துக்கிழமை எந்த டீம் வருதோ அதுதான் சுலபம். வீட்ல யாராவது ஏற்கனவே ஒரு டீமுக்கு வாக்கப்பட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க, சண்டை மிச்சம். ரெண்டும் இல்லன்னா ஒரு நாலஞ்சு வாரம் கண்ட மேட்சையும் பாருங்க, எந்த டீம் தோத்தா உங்களுக்கு எரிச்சலா வருதோ அது உங்க டீம். போன வருஷ சாம்பியனை மட்டும் தொடாதீங்க. கேன்சஸ் சிட்டி 2020, 2023, 2024னு வரிசையா ஃபைனலான சூப்பர் பௌல் தூக்கினப்போ எங்க பாத்தாலும் சிவப்பு ஜெர்ஸிதான், 2025 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியா அவங்களை 40க்கு 22னு போட்டு வெளுத்ததும் அதுல எத்தனை ஜெர்ஸி அலமாரிக்குள்ள போச்சுன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சே உள்ள இறங்குங்க, டீம் உங்களோடது இல்ல, ஓனரோடது, அவருக்கு வேற ஊர்ல நல்ல ஸ்டேடியம் கிடைச்சா மூட்டை கட்டிருவாரு. கிளீவ்லேண்டுக்கு அது நடந்தது, 1995 சீசன் ஓடிட்டிருக்கும்போதே பால்டிமோர் போறோம்னு அறிவிச்சாங்க, 1999 வரைக்கும் அந்த ஊருக்கு டீமே இல்ல. 2016ல செயின்ட் லூயிஸ், 2017ல சான் டியேகோ, 2020ல ஓக்லாண்ட், மூணு ஊரும் அதே கதைதான். விதிவிலக்கு கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும், அதுக்கு தனி ஓனர் கிடையாது, 5 லட்சத்துக்கும் மேல பங்குதாரருங்க இருக்காங்க, அந்தப் பங்குக்கு டிவிடெண்டும் வராது, லாபத்துக்கு விக்கவும் முடியாது, ஆனாலும் 2021 கடைசில ஒரு பங்கு 300 டாலர்னு வித்தப்போ ஜனங்க போய் வாங்கினாங்க. பைத்தியம்னு சொல்லலாம். எனக்கு ஒண்ணு வாங்கணும்னு ஆசைதான்.

சரி, ஆட்டம். ரூல் புக்கை மனப்பாடம் பண்ண வேணாம். பந்து வச்சிருக்க டீமுக்கு 4 டவுன், அதாவது 4 முயற்சி, அதுக்குள்ள 10 யார்டு போகணும், போனா மறுபடி 4. எதிரி பக்கத்துக் கடைசி பகுதியான எண்ட் சோனுக்குள்ள பந்தைக் கொண்டு போனா டச் டவுன், 6, அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 1, உதைக்காம மறுபடி எண்ட் சோனுக்குள்ள போனா 2, டச் டவுன் இல்லாம கம்பத்துக்கு நடுவுல உதைச்சா ஃபீல்டு கோல், 3, பந்து வச்சிருக்க எதிரியை அவங்க எண்ட் சோன்லயே மடக்கினா சேஃப்டி, 2. இதோட ஆரம்பிக்கலாம். பெனால்டி எல்லாம் பாக்கப் பாக்க தானா வரும், எதிராளியைப் புடிச்சு நிறுத்தற ஹோல்டிங் மட்டும் வராது, அது பத்து வருஷம் பாத்தவனுக்கும் வராது, ரெஃப்ரி கொடியைத் தூக்கிப் போட்டா ஹோல்டிங், போடலன்னா இல்ல, அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சது.

நிஜமான ஃபேன் ஆகணும்னா பந்தைப் பாக்குறதை நிறுத்தணும். இதுதான் இந்தக் கட்டுரையிலயே முக்கியமான விஷயம், மிச்சமெல்லாம் சும்மா. பந்து எங்க போச்சுன்னு ரீப்ளேல மூணு தடவை காட்டுவான், அது ஏன் அங்க போச்சுங்கறது ஸ்னாப்புக்கு, அதாவது லைன் நடுவுல நிக்கற சென்டர் பந்தை பாஸ் போடற குவாட்டர்பேக்குக்குத் தர்ற நொடிக்கு, முன்னாடி ரெண்டு மூணு செகண்ட்லயும் பின்னாடி ஒரு செகண்ட்லயும் இருக்கு. உதாரணத்துக்கு தேர்டு டவுன், 2 யார்டு வேணும்னு வைங்க. ஸ்க்ரீன்ல மொதல்ல டிஃபென்ஸ் பின்னாடி ஆழத்துல எத்தனை சேஃப்டி நிக்குறாங்கன்னு எண்ணுங்க, இது பாயிண்ட் சேஃப்டி இல்ல, கடைசி வரிசைக் காவல்காரங்களுக்கும் அதே பேருதான். ரெண்டு பேர் தூரமா நின்னா அவங்க நீளமான பாஸுக்கு பயப்படுறாங்க, அப்போ ஓடுறதுக்கு வழி இருக்கு. ஒருத்தர் மட்டும் பின்னாடி, இன்னொருத்தர் மெல்ல மெல்ல லைன் பக்கம் நகர்ந்து வர்றாரா, அப்போ ஓட விடக்கூடாதுன்னு கூட்டம் போடுறாங்க. அடுத்தது, பாஸ் புடிக்கற ரிசீவர் ஒருத்தர் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் குறுக்க ஓடுவாரு, மோஷன்ம்பாங்க, அவர் பின்னாடியே ஒரு டிஃபெண்டர் தொத்திக்கிட்டு ஓடினா பெரும்பாலும் மேன் கவரேஜ், அதாவது ஆளுக்கு ஒரு ஆளைக் காக்கறது, யாரும் கூடப் போகாம ஆளாளுக்கு ரெண்டடி நகர்ந்துக்கிட்டா சோன், அதாவது ஆளுக்கு ஒரு இடத்தைக் காக்கறது. குவாட்டர்பேக்குக்கு தேவையான தகவல் அதுதான், அதைக் கறக்கத்தான் அந்த ரிசீவரை ஓட விடுறதே.

இப்போ ஸ்னாப். நடுவுல அஞ்சு குண்டு ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்க ஹெல்மெட்டை மட்டும் பாருங்க. ஹெல்மெட் தாழ்ந்தே முன்னாடி பாஞ்சா ரன், ஹெல்மெட் மேல எழும்பி ஆளுங்க பின்னாடி காலை வச்சா பாஸ். இதை ரெண்டு மேட்ச் விடாம செஞ்சு பாருங்க, கமெண்டேட்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லிருவீங்க, பக்கத்துல இருக்கவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. அதுக்கப்புறம் ஒரு மேட்ச் முழுக்க அந்த அஞ்சு பேர்ல இடது ஓரத்துல நிக்கற லெஃப்ட் டேக்கிளை மட்டும் பாருங்க. குவாட்டர்பேக் வலதுகைக்காரர்னா அவர் திரும்பாத பக்கத்தைக் காக்கறவர் இவர், நல்லா ஆடினா யாரும் பேரைச் சொல்ல மாட்டாங்க, ஒரே ஒரு தடவை சறுக்கினா நாடே பேரைச் சொல்லும். நாலாவது குவாட்டர்ல ஜீரோ ஸ்கோர்ல தலைகுனிஞ்சு நிக்கிற டீம்ல கூட இந்த மனுஷன் ஒவ்வொரு ஸ்னாப்லயும் 120 கிலோ ஆளை நெஞ்சுல வாங்கிட்டிருப்பாரு, தோக்கற சீசன்ல பாக்கறதுக்கு ஏதாவது இருக்குன்னா அது இதுதான்.

டிவி விஷயம் கொஞ்சம் குழப்பம். ஞாயிறு ஈஸ்டர்ன் டைம் 1 மணிக்கு ஒரு கூட்டம், சாயங்காலம் 4 மணி வாக்குல ஒரு கூட்டம், ராத்திரி ஒண்ணு, திங்க ராத்திரி ஈஎஸ்பிஎன், வியாழன் ராத்திரி அமேசான் பிரைம். வேற ஊர் டீமுக்கு ஃபேன் ஆனவங்க பாடு திண்டாட்டம், சிபிஎஸ்ஸும் ஃபாக்ஸும் உங்க ஏரியாவுக்கு எதைப் போடறானோ அதான், அதுக்குத்தான் யூடியூப்ல சண்டே டிக்கெட்டுன்னு வச்சு நல்லா காசு வாங்கறான். எல்லா மேட்சுக்கும் மாத்தி மாத்தித் தாவற ரெட்சோன் சேனல் ஜாலியா இருக்கும், எல்லா டச் டவுனும் வரும், ஆனா உங்க டீம் ஆடும்போது அதைப் போடாதீங்க, அது ஊர் சுத்திப் பாக்கறது மாதிரி, வீட்டுல இருக்கற மாதிரி வராது. மேட்ச் மூணு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், அதுல பந்து நிஜமா நகர்றது ஏறக்குறைய 11 நிமிஷம்தான்னு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010ல ஸ்டாப்வாட்ச் வச்சு கணக்கு பண்ணாங்க. மிச்ச நேரம் விளம்பரம், ரீப்ளே, சும்மா நிக்கறது. அந்த சும்மா நிக்கற நேரத்துலதான் ரெண்டு கோச்சும் அடுத்து என்னன்னு யோசிச்சு சீட்டு விளையாடிட்டிருக்காங்க, நீங்களும் அவங்களோட சேந்து யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா போர் அடிக்காது.

வாரம் முழுக்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, இஞ்சுரி ரிப்போர்ட். ஞாயித்துக்கிழமை மேட்சுன்னா புதன்லேருந்து யார் பிராக்டிஸ் பண்ணாங்க பண்ணலன்னு வரும், வெள்ளிக்கிழமை கொஸ்டினபிள், டவுட்ஃபுல், அவுட்னு முத்திரை குத்துவாங்க, மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி யார் ஆடலைங்கற லிஸ்ட் வந்துரும். பெரிய ரிசீவர் இல்லன்னா எல்லாரும் ஒப்பாரி வைப்பாங்க, நீங்க சென்டரும் டேக்கிளும் இருக்காங்களான்னு பாருங்க.

டிசம்பர் வந்தா கணக்கு நோட்டைத் திறக்கணும். 18 வாரத்துல 17 மேட்ச், 32ல 14 டீம் பிளேஆஃப் போகும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸ்லயும் முதல் இடத்துல இருக்கவனுக்கு மட்டும் பிளேஆஃப்ல முதல் வாரம் லீவு. உங்க டீம் ஜெயிச்சா மட்டும் பத்தாது, வேற எவனோ எங்கயோ தோக்கணும்னு நிலைமை வரும். 2017 சீசன் கடைசி நாள் பஃபலோ பில்ஸுக்கு அதுதான் ஆச்சு, அவங்க மேட்சை முடிச்சு ஜெயிச்சுட்டு டிரெஸ்ஸிங் ரூம்ல டிவியைப் பாத்துட்டு நிக்கறாங்க, பால்டிமோர் தோத்தாத்தான் வாழ்வு. பால்டிமோரோட ஆடிட்டிருந்த சின்சினாட்டிக்கு அந்த மேட்சால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனா ஃபோர்த் டவுன், 12 யார்டு வேணும்ங்கறப்போ அவங்க குவாட்டர்பேக் ஆண்டி டால்டன் ரிசீவர் டைலர் பாய்டுக்கு ஒண்ணு போட்டாரு பாருங்க, டச் டவுன், 1999க்கு அப்புறம் மொத தடவையா பஃபலோ பிளேஆஃபுக்குள்ள. 17 வருஷ வறட்சி முடிஞ்சதுக்காக பஃபலோ ஃபேனுங்க டால்டன் குழந்தைங்களுக்காக நடத்தற ஃபவுண்டேஷனுக்கு 17 டாலர் 17 டாலரா அனுப்பித் தள்ளிட்டாங்க. அந்த ராத்திரி வரைக்கும் அவர் அவங்களுக்கு யாரோ ஒரு எதிரி டீம் ஆளு.

ஸ்டேடியம் போறவங்களுக்கு. டெய்ல்கேட்டுக்கு சீக்கிரம் போங்க, பார்க்கிங் லாட் திறக்கும்போதே நிக்கணும், கிரில்லு மூட்டி, மடக்கு சேர் போட்டு, பக்கத்து வண்டிக்காரன் எந்த டீம் சட்டை போட்டிருந்தாலும் ஒரு பர்கரைக் கையில கொடுத்துருவான், அதான் மரியாதை. பை விஷயத்துல ஏமாறாதீங்க, 2013லேருந்து தெளிவா உள்ள தெரியற பைதான், 12க்கு 6க்கு 12 இன்ச்சுக்கு மேல கூடாது, நல்ல லெதர் பையோட போய் கேட்ல நிக்காதீங்க. உள்ள போனதும் ஒரே ஒரு ஒழுக்கம், நம்ம டீம்கிட்ட பந்து இருந்தா வாயை மூடணும், எதிரிகிட்ட இருந்தா தொண்டை கிழியணும். புதுசா வர்றவங்க இதை அப்படியே தலைகீழா பண்ணி முறைப்பு வாங்குவாங்க. சத்தம்னா சும்மா இல்ல, 2014ல கேன்சஸ் சிட்டியோட ஆரோஹெட் ஸ்டேடியத்துல 142.2 டெசிபெல் அளந்தாங்க. சத்தத்துல எதிர் டீம் லைன்மேனுக்கு அவங்க குவாட்டர்பேக் குரல் கேக்காது, அவன் அரை செகண்ட் முன்னாடி அசைஞ்சுருவான், ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு பின்னாடி. அந்த 5 யார்டு நீங்க கத்தி எடுத்தது. களத்துல 11 பேர், 12வது ஆள் ஃபேன்னு சியாட்டில்ல 12ங்கற நம்பரையே ஃபேனுங்களுக்குன்னு 1984லயே ஒதுக்கி வச்சுட்டாங்க.

வடக்குல டிசம்பர், ஜனவரி மேட்சுன்னா குளிரு விளையாட்டு இல்ல. 1967 டிசம்பர் 31 கிரீன் பேல டல்லஸோட நடந்த, ஐஸ் பௌல்னு பேர் வாங்கின மேட்ச்ல மைனஸ் 25 டிகிரி செல்சியஸ், ரெஃப்ரி விசில் உதட்டோட ஒட்டிக்கிச்சு, அதுக்கப்புறம் விசிலே இல்லாம வாயால கத்தித்தான் மேட்சை நடத்தினாங்க. காலுக்கு அடியில ஒரு கார்ட்போர்டு அட்டையைப் போட்டு அது மேல நில்லுங்க, குளிரு கான்கிரீட் வழியாத்தான் ஏறும், எத்தனை சாக்ஸ் போட்டாலும் அட்டைக்கு ஈடாகாது.

ஜெர்ஸி வாங்கறதா இருந்தா ரிட்டயர் ஆன ஆளோட பேர் போட்டது வாங்குங்க, அவரை யாரும் டிரேட் பண்ண முடியாது. புது ரூக்கி ஜெர்ஸி வேணவே வேணாம்.

பெட்டிங் ஆப்பை உங்க டீம் மேட்சுக்குத் தொடாதீங்க, காசு போட்டீங்கன்னா ஆட்டத்தைப் பாக்க மாட்டீங்க, நம்பரைத்தான் பாப்பீங்க. ஃபேன்டசி ஓகே, ஆனா எதிரி டீம் ரன்னிங் பேக்கை எடுத்துட்டு அவன் நம்ம மேல டச் டவுன் அடிக்கணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கற நிலைமை உங்களுக்குத் தேவையா.

தோக்கற வருஷம் வரும். டெட்ராய்ட் 2008ல 16 மேட்சும் தோத்தாங்க, கிளீவ்லேண்ட் 2017ல 16ம் தோத்தாங்க, கிளீவ்லேண்ட் ஃபேனுங்க 2018 ஜனவரி குளிர்ல ஸ்டேடியத்தைச் சுத்தி ஊர்வலமே போனாங்க, கையோட அந்த ஊர் ஃபுட் பேங்குக்கும் சேத்துக் கொடுத்தாங்க. திட்டலாம், கோச்சை மாத்துன்னு கத்தலாம், அதெல்லாம் உங்க உரிமை. ஆட்டக்காரன் இன்ஸ்டாகிராமுக்குப் போய் அவன் குடும்பத்தைத் திட்டறது மட்டும் கூடாது. 1991 ஜனவரில பஃபலோ கிக்கர் ஸ்காட் நார்வுட் 47 யார்டு கிக்கை வலது பக்கம் தள்ளி அடிச்சு, பஃபலோ சூப்பர் பௌலை 20க்கு 19னு ஒரே பாயிண்ட்ல கோட்டை விட்டாங்க. ஊர் திரும்பின டீமைப் பாக்க நயாகரா ஸ்கொயர்ல கூடின கூட்டம் அந்த ஆளைத்தான் பேர் சொல்லி மைக்குக்கு கூப்பிட்டுச்சு, வந்து கண்கலங்கிப் பேசினாரு. அதுக்கப்புறம் இன்னும் மூணு சூப்பர் பௌல் தொடர்ச்சியா தோத்தாங்க, அது வேற கதை.

பிப்ரவரில சூப்பர் பௌல் முடிஞ்சதும் டிவியை அணைச்சுறாதீங்க. மார்ச்ல ஒப்பந்தம் முடிஞ்சவங்க டீம் மாறற ஃப்ரீ ஏஜென்சி, ஏப்ரல் கடைசில காலேஜ் ஆட்டக்காரங்களை டீமுங்க வரிசையா எடுக்கற டிராஃப்ட், 7 ரவுண்டு, பெரும்பாலானவங்க மொத ரவுண்டோட தூங்கிருவாங்க, ஆனா பின்னாடி பெரிய குவாட்டர்பேக் ஆன டாம் பிரேடி 2000ல 199வது ஆளா வந்தவரு, இன்னொரு குவாட்டர்பேக் ப்ராக் பர்டி 2022ல கடைசி ஆளு, 262. மே மாசம் அட்டவணை வரும், லீவு எல்லாம் அப்போவே போட்டு வச்சுக்கோங்க. ஜூலை கடைசில டிரெய்னிங் கேம்ப், நிறைய டீம் பொதுமக்களை உள்ள விடறாங்க, ஸ்டேடியத்துல டிக்கெட்டுக்கு அழற காசுல பாதி கூட ஆகாது, லைன்மேனுங்க மோதிக்கற சத்தம் காதுல விழற தூரத்துல நிக்கலாம். அங்க போனா ஸ்டாரை விட்டுட்டு, ரோஸ்டர்ல அடிமட்டத்துல இருக்கற ஒருத்தனைப் புடிச்சுக்கோங்க, நம்பரைக் குறிச்சுக்கோங்க, ப்ரீசீசன் மேட்ச்ல நாலாவது குவாட்டர்ல அவன் வரும்போது பாருங்க. ஆகஸ்ட் கடைசில 90 பேரை 53 ஆக்குவாங்க, அந்த லிஸ்ட் வர்ற அன்னைக்கு அவன் பேர் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா அடுத்த நாள் பிராக்டிஸ் ஸ்க்வாட் லிஸ்ட்லயும் ஒரு தடவை பாத்துருங்க.