மோட்டார் அறையில் துரு: காரணம் உப்புக்காற்று அல்ல

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில், நீச்சல் குளத்துக்கான மோட்டார் அறையிலிருந்த ஸ்பேனர், கதவுக் கீல், அலமாரித் திருகு எல்லாம் துருப்பிடித்துக்கொண்டே இருந்தன. சுவிட்சுப் பெட்டிக்குள் செம்புக் கம்பி முனைகளும் பச்சை பூத்துவிட்டன.

உப்புக்காற்று என்று எண்ணிக் கீல்களை மாற்றினோம், பெயின்ட் அடித்தோம். பயனில்லை. குளோரின் வாளியின் மூடியை இறுக்கிப் பார்த்தோம். துரு நிற்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. கடற்காற்றை நேராக வாங்கும் வாசல் கேட் நன்றாக இருந்தது. பூட்டிய அறைக்குள், குளத்து நீரில் சேர்க்கும் ஆசிட் கேனுக்கு அருகிலிருந்த பொருள்களே அதிகம் அரித்துப்போயிருந்தன. கேனின் மூடியை உற்றுப் பார்த்தேன். உள்ளே அழுத்தம் சேராதிருக்க அதில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத்துளை. எவ்வளவு இறுக்கினாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி அதன் வழியே கசியும். துளையை அடைக்கவும் கூடாது, கேன் உப்பிவிடும்.

கேனை வெளியே நிழலில், காற்றோட்டமுள்ள பூட்டிய பிளாஸ்டிக் அலமாரியின் அடித்தட்டில் வைத்தோம். மாற்றிய திருகுகள் மழைக்காலம் முடிந்தும் பளபளக்கின்றன. அப்பாடா!

துருவைவிடப் பெரிய ஆபத்து வேறு. அந்த அமிலமும் குளோரின் வாளியிலுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஹைப்போகுளோரைட் வாளி இப்போது அறையில் தனியாக, ஈரம் படாத மேடைமீது இருக்கிறது. குளத்துக்கான இன்னொரு வகைக் குளோரினான டிரைகுளோர் மாத்திரைகளும் ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி வைத்திருக்கிறோம்.